இரண்டரை வயதுக் குழந்தையோடு கடல் தீவுக்கு விடுமுறை போகலாமா? எப்படித் திட்டமிடுவது?

போகலாம். நாங்கள் இரண்டு முறை போய் வந்திருக்கிறோம். முதல் முறை மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம், அடுத்த முறை நான்கு வயது. முதல் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் என் கணவர் இன்றும் "அது விடுமுறையா, காவல் வேலையா?" என்பார். இரண்டாவது நன்றாக அமைந்ததற்குக் குழந்தை வளர்ந்தது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், முதல் முறை நாங்கள் படத்தைப் பார்த்து அறை எடுத்ததுதான்.

கடலுக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடு. வெளியே ஒரு மேடை, அதிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கும் படிகள். படத்தில் அவ்வளவு அழகு. போய்ப் பார்த்தால் மேடைக்குத் தடுப்பும் இல்லை, படிக்கு ஒரு சின்னக் கதவும் இல்லை. கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாள் மகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. நான்கு நாளும் பெட்டிகளைக் கதவுக்கு அணைகொடுத்து வைத்தோம். இரவில் நான் கதவுப் பக்கம் தலை வைத்துப் படுத்தேன். விடுதிக்காரர்கள் எதையும் மறைக்கவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட வீட்டைத் தருவதே இல்லை என்று பல ரிசார்ட்டுகள் வைத்திருக்கும் விதியின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. ஆகவே தரையில், மணலைப் பார்த்த மாதிரி இருக்கும் அறையாக எடுங்கள். முடிந்தால் படுக்கையறை தனியாக இருக்கட்டும். ஒரே அறை என்றால் குழந்தை எட்டு மணிக்குத் தூங்கியதும் நீங்களும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார வேண்டியதுதான். நாங்கள் குளியலறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

எந்தத் தீவு என்று யோசிப்பதற்கு முன்னால், வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அறைக் கதவைத் திறக்கும் வரை எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள். விமான நேரம் அதில் ஒரு பகுதிதான். மாலத்தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலே விமான நிலையத்தில் இறங்கியதும் பயணம் முடிவதில்லை. அங்கிருந்து வேகப் படகிலோ கடல் விமானத்திலோ உங்கள் தீவுக்குப் போக வேண்டும். கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால் அன்றிரவு அங்கேயே எங்காவது தங்கிவிட்டுக் காலையில் கிளம்ப வேண்டும். தூக்கம் கெட்ட குழந்தைக்கு இது இரண்டு நாள் பயணமாகிவிடும். தரையிறங்கிய பிறகு இன்னும் ஒரே ஒரு வண்டி, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். இதுதான் இப்போது எங்கள் கணக்கு. படகு என்றால் குழந்தை அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தண்ணீரில் விழுந்தால் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும்.

விமானத்தில் ஒரே ஒரு விஷயம். காது வலி பெரும்பாலும் மேலே ஏறும்போது வருவதில்லை, இறங்கும்போதுதான் வரும். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே குடிக்கவோ சப்பவோ ஏதாவது கொடுத்துக்கொண்டிருங்கள். நாங்கள் கிளம்பும்போதே எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிட்டு, கடைசியில் அழுகையைக் கேட்டுக்கொண்டு வந்தோம்.

அடுத்து மாதம். வெப்பமண்டலம் என்றால் ஆண்டு முழுவதும் வெயில் என்று நினைக்கிறோம், உண்மையில் மழைக்காலம் இடத்துக்கு இடம் மாறும். பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். மாலத்தீவில் ஏறக்குறைய இதற்கு நேர்மாறு, அங்கே டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். தாய்லாந்து இன்னும் வேடிக்கை. புக்கெட் இருக்கும் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளிக்கும், கோ சாமுயி இருக்கும் கிழக்குப் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கொட்டும். ஒரே நாடு, இரண்டு பருவம். கரீபியன் பக்கம் போவதாக இருந்தால் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம்.

தீவு முடிவானாலும் வேலை பாதிதான் முடிந்தது. எந்தக் கரை என்பது குழந்தைக்குத் தீவைவிட முக்கியம். பாலியில் கூட்டா கடற்கரை அலைச்சறுக்கு ஆடுபவர்களுக்கு உகந்தது, அலை பெரிது. அதே பாலியில் சானூர் கரைக்கு முன்னால் பவளப்பாறைத் திட்டு அலையை உடைத்துவிடுவதால் கடல் குளம் மாதிரி கிடக்கும். மொரிஷியஸைச் சுற்றியும் பெரும்பாலும் இப்படிப் பாறை அரண் உண்டு. ஒரு குறையும் இருக்கிறது. இந்த மாதிரிக் கரைகளில் கடல் உள்வாங்கும் நேரத்தில் முழங்கால் தண்ணீர்கூட நிற்காது, பாறையும் கடற்புல்லும்தான் தெரியும். நீங்கள் போகும் வாரத்தில் கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கைபேசியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காலுக்கு ரப்பர் செருப்பும் வேண்டும்.

அப்புறம் வெயில். காலை பத்து முதல் மாலை நான்கு வரை குழந்தை வெளியே இருக்க வேண்டாம். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருந்தால் உள்ளே போ, அவ்வளவுதான் விதி. ஆறு மணிக்கு எழுந்து கடலுக்குப் போய், ஒன்பதரைக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, மதியம் முழுக்கத் தூங்கி, நாலரைக்கு மறுபடி இறங்கினோம். நிலநடுக்கோட்டுப் பக்கம் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான், பொழுது சாய்ந்தால் மளமளவென்று இருட்டிவிடும். குழந்தையைத் தூங்க வைக்க இதைவிட நல்ல உதவி கிடையாது. சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், தண்ணீரிலிருந்து வந்த பிறகும் திரும்பப் பூச வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் பூச்சு வேண்டாம், நிழலே போதும். முழுக்கை நீச்சல் உடை போட்டுவிட்டால் பூச வேண்டிய இடம் முகமும் காலுமாகச் சுருங்கிவிடும், துரத்திப் பிடிக்கும் வேலை பாதி மிச்சம். துத்தநாக ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பவளப்பாறைகளைக் காக்க பசிபிக் தீவு நாடான பலாவு 2020-இலும் ஹவாய் 2021-இலும் ஆக்சிபென்சோன் போன்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையைத் தடை செய்தன, ஊரில் வாங்கியதைப் பையோடு கொண்டு போனால் சில இடங்களில் சிக்கல் வரும்.

கொசு விஷயத்தில் "அங்கே மலேரியா இல்லை" என்ற பேச்சில் ஏமாற வேண்டாம். மாலத்தீவுக்கு 2015-இலும் இலங்கைக்கு 2016-இலும் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது உண்மை. டெங்கு இரண்டிலும் உண்டு. அந்தக் கொசு பகலில் கடிக்கும், ஆகவே இரவு வலை மட்டும் போதாது. டீட் (DEET) என்ற வேதிப்பொருள் உள்ள கொசு விரட்டியை இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பூசலாம். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் 'இயற்கையானது' என்று விற்கிறார்களே, அது மூன்று வயதுக்குள் கூடாது. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு விரட்டி. குழந்தையின் கையில் விரட்டியைப் பூசாதீர்கள், கை நேராக வாய்க்குப் போகும். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே குழந்தை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், சில தடுப்பூசிகள் வேலை செய்யக் கொஞ்ச நாள் பிடிக்கும். மருந்துப் பையில் காய்ச்சல் மருந்து, வெப்பமானி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். வேர்க்குருவுக்குக் குளிர்ந்த தண்ணீரும் தளர்ந்த பருத்தி உடையும் போதும், எங்கள் மகளுக்கு மூன்றாம் நாளே கழுத்தெல்லாம் வந்துவிட்டது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமே இல்லாமல் போய்விடும். கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுச் சாமான்கள்தான். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், அந்த நேரத்தில் அவர் கையில் கைபேசி இல்லை. இதை நாங்கள் முறை வைத்துச் செய்தோம். "இப்போது உன் முறை" என்று வாயால் சொல்லி ஒப்படைப்போம், மற்றவர் "சரி, என் முறை" என்று பதில் சொன்னால்தான் நகர்வது. இருவரும் இருக்கிறோம் என்று இருவருமே கவனிக்காமல் விட்ட இருபது விநாடியை முதல் பயணத்தில் பார்த்துவிட்டோம். இரண்டாம் முறை என் அம்மாவையும் அழைத்துப் போனோம். மூன்றாவதாக ஒரு பெரியவர் இருந்தால் மதியத் தூக்க நேரத்தில் நீங்கள் இருவரும் ஒரு மணி நேரமாவது நீந்தலாம்.

குழந்தைக்குக் கடல் உடனே பிடித்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். எங்கள் மகள் முதல் இரண்டு நாள் மணலில் கால் வைக்கவே மாட்டேன் என்று இடுப்பில் தொற்றிக்கொண்டாள். அப்புறம் குளியலறைக் குவளையை எடுத்துக்கொண்டு கடலிலிருந்து தண்ணீர் மொண்டு மணலில் ஊற்றுவதே வேலையாகிவிட்டது. டால்பின் பார்க்கப் பணம் கட்டி வைத்திருந்தோம், படகில் தூங்கிவிட்டாள். முன்பதிவு செய்யும் உல்லாசங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதும், அதுவும் ரத்து செய்யக்கூடியதாக.

அந்த மரவீட்டுப் படங்கள் இன்னும் கைபேசியில் இருக்கின்றன. அழகான படங்கள்தான். ஆனால் எல்லாவற்றிலும் ஓர் ஓரத்தில், கதவோடு சாய்த்து வைத்த ஒரு சிவப்புப் பெட்டி தெரியும்.