மின்சாரப் பேருந்து: பணிமனைப் பக்கத்திலிருந்து சில பதில்கள்

சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதையொட்டி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, பேருந்துப் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பெரம்பூர், கல்லூரி மாணவி: சார், மாநகரில் மூவாயிரத்துக்கு மேல் பஸ் ஓடுகிறதே. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாதா?

முடியாதும்மா. பஸ் வாங்குவதுதான் இதில் சுலபமான வேலை. டீசல் பஸ் ராத்திரி கடைசி நடை முடிந்து உள்ளே வந்ததும் பங்க்கில் நின்று டேங்க் நிரப்பிக்கொண்டு சில நிமிடத்தில் நகர்ந்துவிடும், அடுத்தது வந்து நிற்கும். மின்சார பஸ்ஸை வேகமான சார்ஜரில் போட்டாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் முதல் வண்டி வெளியே போயாக வேண்டும்.

ஒரு பணிமனையில் 240 கிலோவாட் சார்ஜர் இருபது வைத்தால் 4,800 கிலோவாட் மின்சாரம் வேண்டும். அதற்கு உயரழுத்த இணைப்பு, மின்மாற்றி, கேபிள் போட இடம், மழைத்தண்ணீர் தேங்காத தரை என எல்லாம் முதலில் வரவேண்டும். நம் பணிமனைகளில் பல, வண்டி திருப்பவே இடம் பற்றாதவை.

டெல்லி இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2001 மார்ச் 31க்குள் எல்லாப் பேருந்தும் சிஎன்ஜி என்ற அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் உத்தரவிட்டது. கெடு வந்தபோது கேஸ் நிலையங்கள் போதவில்லை. ஆட்டோவும் பஸ்ஸும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. மாற்றம் முடிய 2002 கடைசி ஆனது. அந்த உத்தரவு சரியானது என்பதே என் கருத்து. நிலையங்களை முன்கூட்டியே கட்டியிருந்தால் அந்தப் பாடு வந்திருக்காது.

சேலம், பள்ளி ஆசிரியர்: நிலக்கரியில் மின்சாரம் எடுத்து பஸ் ஓட்டினால் என்ன லாபம்?

நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்ப்போம். டீசல் பஸ் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால், கிலோமீட்டருக்குச் சுமார் 670 கிராம் கரியமில வாயு. மின்சார பஸ் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் இழுக்கும். இந்திய மின்கட்டமைப்பின் சராசரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம். ஆக, சராசரி மின்சாரத்தில் ஓடினால் கரியமில வாயுவில் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர் மூக்கில் ஏறும் புகை போய்விடும். அது உடனடி லாபம்.

கரியமில வாயுவையும் குறைக்க வழி இருக்கிறது. காலைக் கூட்டம் ஓய்ந்து மாலைக் கூட்டம் தொடங்குவதற்குள், பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை பஸ்கள் கொஞ்சம் ஓய்வாக இருக்கும். சூரிய மின்சாரம் கொட்டுவதும் அதே நேரம்தான். அப்போது சார்ஜ் போட அட்டவணையைத் திருத்தி, பகல் நேரக் கட்டணத்தையும் குறைத்துக் கொடுக்க வேண்டும். மின்வாரியமும் போக்குவரத்துக் கழகமும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் பக்கம் காற்றாலை ஓடும்போது ராத்திரியிலும் நல்ல மின்சாரம் கிடைக்கும்.

திருச்சி, ஓய்வுபெற்ற நடத்துநர்: ஓட்டுநரே தனியார் ஆள் என்கிறார்களே தம்பி, இது தனியார்மயம் இல்லையா?

பாதி உண்மை அண்ணே. ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனம் பஸ்ஸை வாங்கி, ஓட்டுநரைப் போட்டு, பராமரித்து ஓட்டும். அரசு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும். தடம், கட்டணம், நடத்துநர், டிக்கெட் வசூல் எல்லாம் கழகத்திடம். மின்சார பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸைவிட மிக அதிகம் என்பதால், மொத்தப் பணத்தையும் முதலிலேயே போடக் கழகங்களுக்கு வசதியில்லை. என் கவலை வேறு. பேட்டரி, மோட்டார் வேலையை நம் மெக்கானிக்குகள் கற்றுக்கொள்ள ஒப்பந்தத்திலேயே வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிகிற அன்று வேலை தெரிந்த ஒரு கை நம்மிடம் இருக்காது.

விருத்தாசலம், விவசாயி: காட்டாமணக்கு போடச் சொன்னார்களே, அந்த பயோடீசல் என்ன ஆயிற்று?

தரிசு நிலத்தில் தண்ணீர் இல்லாமலே காய்க்கும் என்று சொன்னார்கள். காய்க்கவில்லை. 2009 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலப்பு என்றது, அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. கொள்முதல் உறுதி கையில் இல்லாமல் இனி எந்த எரிபொருள் பயிருக்கும் நிலத்தைக் கொடுக்காதீர்கள் ஐயா.

அம்பத்தூர், ஆட்டோ ஓட்டுநர்: எல்பிஜி ஆட்டோவை விற்றுவிட்டு எலெக்ட்ரிக் வாங்கலாமா அண்ணா?

ராத்திரி வண்டி நிறுத்துகிற இடத்தில் உங்களுக்கென்று ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறதா? இருந்தால் வாங்குங்கள். வாடகை வீடாக இருந்தால் முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். அப்புறம், பேட்டரி வாரன்டி எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள்.