சோபாவுக்கு எந்த ஸ்டேப்ளர் பின்? மார்த்தாண்டம் குஷன் வேலைக்காரரிடம் கேள்வி பதில்

கேள்வி (குழித்துறை): அண்ணாச்சி, பழைய தேக்கு சோபாவுக்கு நானே துணி மாற்றப் போகிறேன். அலுவலக ஸ்டேப்ளரை விரித்துவைத்து அடித்தால் போதாதா?

பதில்: போதாது. அதில் போடும் 24/6 பின் தாளைத் துளைத்து மறுபுறம் மடங்குவதற்காகச் செய்யப்பட்டது. தேக்கில் அதன் கால் நுழையும் முன்பே வளைந்துவிடும். ஸ்பிரிங் வைத்த கை ஸ்டேப்ளர் கன் வாங்குங்கள். ஒற்றைத் துணிக்கு 8 மி.மீ. காலும், மடிப்பு விழும் மூலைகளுக்கு 10 மி.மீ. காலும், இருக்கையின் அடியில் குஷனைத் தாங்கும் நாடாவுக்கு 12 முதல் 14 மி.மீ. காலும் வேண்டும், அடியில் தூசி மறைக்கும் கறுப்புத் துணிக்கு 6 மி.மீ. போதும். எப்போதும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து அடியுங்கள்.

கேள்வி (பாறசாலை): என்னிடம் கம்ப்ரஸர் உள்ளது. எந்தக் காற்றுக் கன் வாங்கலாம்?

பதில்: இரண்டு வகை உண்டு. 1013ஜே கன்னின் பின் 11.2 மி.மீ. அகலம், கால் 13 மி.மீ. வரை, 80 வரிசைப் பின் ஏறக்குறைய 12.8 மி.மீ. அகலம், கம்பி சற்று மெல்லியது, கால் 16 மி.மீ. வரை கிடைக்கும். ஒரு கன்னின் பின் மற்றொரு கன்னில் சேராது என்பதால், உங்கள் ஊர்க் கடையில் எந்தப் பின் எப்போதும் இருக்கிறதோ அதற்கேற்ற கன்னை வாங்குவதே புத்தி. அழுத்தத்தை 60 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, பின்னின் முதுகு, அதாவது இரு காலையும் இணைக்கும் மேல்கம்பி, துணியோடு சமமாகப் படியும் வரை மெல்ல ஏற்றுங்கள். முதுகு துணிக்குள் அமிழ்ந்தால் ரெக்சின் அந்த இடத்திலேயே கிழியத் தொடங்கும். சிக்கிய பின்னை எடுப்பதற்கு முன் காற்றுக் குழாயைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடியும் வேண்டும்.

கேள்வி (குளச்சல்): கடற்கரை வீடு. எந்தப் பின்?

பதில்: 304 ஸ்டெயின்லெஸ் பின். துத்தநாகப் பூச்சுப் பின்னில் காலப்போக்கில் துரு ஏறி, வெளிர்நிறத் துணியின் ஓரத்தில் பழுப்புப் புள்ளி தெரியும். காந்தம் லேசாக ஒட்டுகிறது என்பதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பியாக இழுக்கப்படும்போது 304 எஃகுக்கும் சிறிது காந்தத்தன்மை வந்துவிடுவது உண்டு.

கேள்வி (தக்கலை): தம்பி, எங்கள் காலத்து நாற்காலிகள் எல்லாம் சிற்றாணியில் நின்றவை. பின் அடிப்பது அவசர வேலை அல்லவா?

பதில்: ஆணியின் ஒரு பெருமையை ஒப்புக்கொள்கிறேன் பெரியவரே: பாதி அடித்து நிறுத்தி, துணியை இழுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் பிடுங்கலாம். ஆனால் பழைய நாற்காலியின் மெல்லிய சட்டத்தில் ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் தடித்த ஆணி புதுத் துளை போட, சுத்தியல் அடியில் ஏற்கெனவே தளர்ந்த பொருத்து மேலும் ஆடுகிறது. பின்னைக் குறை சொல்லும் பலர் அதை மரத்தின் ரேகையோடு நேர்கோட்டில் அடிக்கிறார்கள். இரு காலும் ஒரே ரேகையில் இறங்கினால் மரம் பிளக்கத்தான் செய்யும். ரேகைக்குச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கன்னைச் சிறிது உயர்த்தி அடித்தால் முதுகு தூக்கி நிற்கும். தற்காலிகப் பிடிப்புக்கு அதுவே உங்கள் பாதி ஆணி.

கேள்வி (தக்கலை): அப்படியானால் பித்தளைக் குமிழாணி?

பதில்: அது அழகுக்கு, பிடிப்பு அடியிலுள்ள பின்னில்தான்.

கேள்வி (களியக்காவிளை): எந்த நீளப் பின் வாங்கலாம்?

பதில்: முதல் பதிலில் உள்ளது.

கேள்வி (நெய்யாற்றின்கரை): மரத்தூள் அழுத்திய பலகையில் நாடா நிற்குமா?

பதில்: நிற்காது. நாடா இழுக்கும் இடத்தில் மரச்சட்டம் வைத்துத் திருகுங்கள்.

கேள்வி (அருமனை): நாடாவுக்கு எந்தப் பின் அண்ணாச்சி?

பதில்: அதுவும் முதல் பதிலிலேயே. வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (திங்கள்நகர்): பழைய பின்களைப் பிடுங்காமல் மேலேயே அடிக்கலாமா?

பதில்: கூடாது. புதுப் பின் பழையதன் மேல் பட்டால் கால் விரிந்து தெறிக்கும். தட்டையான திருப்புளியால் ஒரு காலைக் கிளப்பி, மறு காலைக் குறடால் இழுங்கள். முறிந்த நுனி வராவிட்டால் சுத்தியலால் மரத்துக்குள் இறக்கிவிடலாம். கண்ணாடி அணிந்துகொண்டு.