எச்.எம். சரியில்லன்னா வேலையும் கசக்குமா?

கேள்வி: தினம் அஸ்தம்பட்டில இருந்து பஸ்ஸேறி, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டுல ஸ்கூலுக்குப் போறேன். புது எச்.எம். வந்ததுல இருந்து போகவே பிடிக்கல. பனியில பஸ் லேட்டானா பசங்க முன்னாடியே கத்துறாரு. எழுத்துக்கூட்டவே திணறுன பையன் இப்ப கடகடன்னு வாசிக்கிறான்னு சொன்னா, 'எமிஸ்ல என்ட்ரி போட்டாச்சா'ங்கறாரு (எமிஸ்னா பசங்க விவரத்தை ஏத்துற அரசு வெப்சைட்). கோளாறு எங்கிட்டயா?
- ஒரு டீச்சர், சேலம்

பதில்: அட, இல்லீங்க டீச்சர்! ஹெர்ஸ்பெர்க்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1959லயே எழுதிட்டாரு, சம்பளம், மேலதிகாரி நடத்துற விதம், வேலை பாக்குற இடம் இதெல்லாம் சரியில்லன்னா வெறுப்பு வரும், ஆனா சரியா இருந்தா மட்டும் உற்சாகம் வந்துடாது, அதுக்கு பாராட்டு, பொறுப்பு, சாதிச்ச திருப்தி வேணும்னு. (அவர் விசாரிச்சது இன்ஜினியருங்க, அக்கவுண்டன்ட்டுங்களைத்தான், டீச்சருங்களை இல்ல. ஆனா அப்படியே பொருந்துது பாருங்க.) உங்களுக்கு ரெண்டு பக்கமும் அடி. எச்.எம்.முக்கும் மேல இருந்து டேட்டா கேட்டு குடைவாங்க, சரி, அதுக்காக அந்தப் பையனைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவாரு? பஸ் விஷயத்தை ஸ்டாஃப் மீட்டிங்ல இழுக்காம தனியா போய்ப் பேசுங்க. அப்படியே வாசிப்பு பீரியடை முழுசா உங்க பொறுப்புல கேட்டு வாங்கிடுங்க, அடுத்த தடவை அவரையே கிளாசுக்கு கூப்பிட்டு அந்தப் பையனை வாசிக்கச் சொல்லுங்க.