ஸ்பிரிங் ஏர் ரைபிளில் ஸ்க்ரூக்கள் அடிக்கடி தளர்வது ஏன்? எப்படித் தடுப்பது?

ஸ்பிரிங் ரைபிளின் உதைப்பு இரு திசைகளிலும் வரும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகரும்; பிஸ்டன் சிலிண்டர் முனையில் வந்து நிற்கும்போது முன்னே இழுபடும். இந்த இரட்டை அதிர்வுதான் ஸ்க்ரூவைக் கழற்றுகிறது. குண்டுகள் திடீரென ஒரே இடத்தில் படாமல் சிதறினால், ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகுகளைத் திருப்பும் முன் ஸ்க்ரூக்களைப் பாருங்கள், குறிப்பாகக் கட்டையின் (ஸ்டாக்) முன்பகுதியில் இருபுறமும் உள்ளவற்றை.

நிரந்தரத் தீர்வு நீல நிற திரெட் லாக்கர், அதாவது மரை தளராமல் பிடிக்கும் திரவப் பசை (லாக்டைட் 243 போன்றது). துப்பாக்கி காலியாக, காக் செய்யப்படாமல் (ஸ்பிரிங் இழுத்து வைக்கப்படாமல்) இருக்கட்டும். ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்க்ரூ, துளை இரண்டின் மரையிலும் உள்ள எண்ணெயை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பெரும்பாலும் தோல்வி இங்கேதான்: எண்ணெய்ப் பசை இருந்தால் லாக்கர் சரியாகப் பிடிக்காது. மரையில் ஒரே ஒரு துளி போதும். முறுக்கியபின் 24 மணி நேரம் சுடாதீர்கள். சிவப்பு வகை வேண்டாம்; அதைக் கழற்றச் சூடேற்ற வேண்டும், கட்டை கருகிவிடும். பிளாஸ்டிக் பாகங்களில் திரவம் படக் கூடாது, சில வகை பிளாஸ்டிக் விரிசல் விடும்.

தளர்கிறதே என்று மேலும் மேலும் இறுக்குவது தவறு. மரம் நசுங்கி, அழுத்தம் குறைந்து, இன்னும் வேகமாகத் தளரும். ஸ்க்ரூவின் தலைக்கடியில் கிண்ண வாஷர் போட்டால் அழுத்தம் பரவும்; பல் வாஷர் போட்டால் ஸ்க்ரூ சுழலாமல் பிடித்துக்கொள்ளும்.

ஸ்கோப் மவுண்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் பாகம்) பின்னோக்கி நகர்ந்தால் ஸ்க்ரூவை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாப் பின் (நகர்வைத் தடுக்கும் முள்) உள்ள மவுண்ட் தேவை.