காரைக்குடியிலிருந்து குல்மார்க் போகிறோம். பனிச்சரிவு ஆபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாலு பேரும் பனிக்குப் புதியவர்கள், பிப்ரவரியில் ரோப் காரில் குல்மார்க்கை ஒட்டிய அபர்வத் மலை ஏறி, பனிச்சறுக்குத் தளத்தின் எல்லைக் கயிற்றைத் தாண்டி நடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சி பெற்ற வழிகாட்டி இல்லாமல் தாண்டாதீர்கள். அவர் இருந்தாலும் கீழே சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சரிவின் கோணம். பனியின் உள்ளடுக்கைப் படிக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும். கோணத்தை அளக்கப் போனில் ஒரு செயலி போதும். பாளமாகப் பெயரும் பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில்தான் கிளம்பும், 38ஐ ஒட்டி மிக அதிகம். 25க்குள் நடங்கள். ஆனால் தலைக்கு மேலே 35 டிகிரிச் சரிவு இருந்தால், நிற்கும் இடம் சமதளமானாலும் பயனில்லை; மேலே கிளம்பியது அங்கே வந்துதான் குவியும். கிளம்புமுன் குன்றக்குடி மலைப்படியில் கோணத்தைக் கண்ணால் ஊகித்து, பிறகு போனை வைத்துப் பாருங்கள். கண் எவ்வளவு பிசகும் என்று தெரிந்துவிடும்.

ஏன் பெயர்கிறது? சீசன் தொடக்கத்தில் பெய்த மெல்லிய பனி கடுங்குளிரில் கிடக்கும்போது, தரையை ஒட்டிய பகுதி பூஜ்யம் டிகிரி அளவில் இருக்கும், மேற்பரப்பு அதைவிட வெகுவாகக் குளிர்ந்திருக்கும். 10 செ.மீ.க்கு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், அடிப்பனி ஆவியாகி மேலேறி மறுபடி உறைந்து, பட்டை பட்டையான பருமணிகளாக மாறும். கையில் பிடித்தால் உதிரும், ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல் அரை மீட்டர் புதுப்பனி கொட்டிக் காற்றில் இறுகினால், ஆத்தங்குடிக் கல்லைக் கலவை இல்லாமல் உதிரிமணலில் பதித்துத் தரையைச் சாய்த்த கதைதான். ஓர் ஆள் எடை போதும். உயிரைப் பறித்த பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பதை, மாட்டிக்கொண்டவரோ கூட வந்தவரோதான் கிளப்பியிருக்கிறார்கள்.

பனி கொட்டி ஓய்ந்த முதல் 48 மணி நேரம்தான் மிக மோசம். வானம் தெளிந்திருக்கும், எல்லோருக்கும் போகத் தோன்றும். காலடியில் 'வும்ப்' என்று அமுங்கினாலோ, காலிலிருந்து விரிசல் ஓடினாலோ, பக்கத்துச் சரிவில் புதிதாகப் பெயர்ந்த தடம் தெரிந்தாலோ வந்த தடத்திலேயே திரும்புங்கள். சண்டிகரில் உள்ள டிஜிஆர்இ என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். ஆனால் அது வட்டாரத்துக்குப் பொதுவானது, உங்கள் முன்னால் இருக்கும் சரிவைப் பற்றிச் சொல்லாது. குழி வெட்டித் தட்டிப் பார்க்கும் சோதனையில் அடுக்கு உடைந்தால் போகாதீர்கள். உடையாவிட்டால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேட சிக்னல் அனுப்பும், வாங்கும் கருவி), 240 செ.மீ. புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), உலோக மண்வெட்டி இருக்க வேண்டும். சரிந்து நின்ற பனி இறுகிவிடும். பிளாஸ்டிக் மண்வெட்டி உடையும். போனை டிரான்ஸீவரிலிருந்து 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி வையுங்கள், இல்லையென்றால் சிக்னல் கெடும். முதல் நாளே தங்குமிடத்துக்குப் பக்கத்துச் சமதளத்தில் ஒரு டிரான்ஸீவரைச் சாக்கில் கட்டிப் புதைத்துத் தேடிப் பழகுங்கள்.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். புரோப் ஆள்மேல் பட்டதும் அதைப் பிடுங்காமல் விட்டுவிட்டு, புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து அவரை நோக்கி வெட்டுங்கள். நேர் மேலே நின்று வெட்டினால் அவர் மூச்சுவிடும் இடமும் அமுங்கிப் போகும்.