விட்டதை மறுபடி தொடங்குவது: கேள்வி பதில்

நான் பிசியோதெரபிஸ்ட். அடிபட்டோ அறுவை சிகிச்சை முடிந்தோ, மறுபடி நடக்கவும் ஓடவும் முயல்கிறவர்களோடு பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உடம்பு சார்ந்த கேள்விகளுக்கு விரிவாகப் பதில் சொல்ல முடியும். மற்றவற்றுக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். மூன்று நாள் இங்கே இருப்பேன், கேளுங்கள்.

கே: முழங்காலில் அடிபடுவதற்கு முன் பத்து கிலோமீட்டர் ஓடுவேன். ஐந்து மாத ஓய்வுக்குப் பின் ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று இரண்டாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். அவமானமாக இருக்கிறது.

ப: உடம்பின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதி அவமானம் அதிலேயே கரைந்துவிடும். பயிற்சியை நிறுத்திய முதல் இரண்டு வாரத்திலேயே உடம்பில் ரத்தத்தின் அளவு குறையத் தொடங்குகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தமும் கூடவே குறைகிறது. ஐந்து மாதம் கழித்து மூச்சு வாங்காமல் இருந்தால்தான் அதிசயம்.

மூச்சு சில வாரங்களிலேயே மளமளவென்று தேறும். தசைநாணும் எலும்பும் அந்த வேகத்தில் தேறாது. ஆபத்து இங்கேதான். நாலாவது வாரம் 'பழையபடி ஆகிவிட்டேன்' என்று நெஞ்சு சொல்லும், கால் சொல்லாது. என்னிடம் இரண்டாம் முறை வருகிறவர்கள் பலர் இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டவர்கள்.

அதனால் ஒன்றைச் சொல்கிறேன், இனியும் பலமுறை சொல்வேன்: விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். அதற்கு வெகு கீழே தொடங்குங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டுச் சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முடிக்கும்போது 'இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமே' என்று தோன்ற வேண்டும். முழங்கால் வீங்கினாலோ மறுநாளும் வலித்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்களைப் போலவே ஒருவர் வந்தார். பழைய வேகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்ததால், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னேன். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. ஓடும்போது அந்த வெளுத்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். மூன்றாவது வாரம்தான் பார்ப்பதை நிறுத்தினார். அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே ஓடி முடித்தார்.

கே: ஒரு மொழி கற்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் படித்தேன். வேலைப்பளுவில் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. எல்லாம் மறந்துவிட்டது. பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டுமா?

ப: மொழி என் துறை இல்லை, ஆனால் இதற்கு 1885-லேயே பதில் கிடைத்திருக்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, மறக்க விட்டு, மறுபடி படித்துப் பார்த்தார். இரண்டாம் முறை குறைந்த நேரமே பிடித்தது. மறந்துவிட்டதாக நினைப்பதும் முழுதாகப் போய்விடுவதில்லை. தசையும் இப்படித்தான், ஒருமுறை வளர்ந்த தசை மறுபடி சீக்கிரம் வளரும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். புது நோட்டு வாங்காதீர்கள். பழைய நோட்டை எடுத்து, கடைசியாக எழுதிய வரிக்கு அடுத்த வரியில் இன்றைய தேதியைப் போடுங்கள். பாடத்தை மட்டும் பத்துப் பாடம் பின்னால் போய் ஆரம்பியுங்கள்.

கே: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

ப: மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் 1960-இல் எழுதியது அது. மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று கவனித்திருந்தார். 'குறைந்தது' என்ற சொல் நடுவில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் படிய ஆகும் என்று கணக்கிட்ட நாட்கள் 18 முதல் 254 வரை விரிந்திருந்தன. நடுவாக 66. உங்களுக்கு வேண்டிய செய்தி இன்னொன்று: இடையில் ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

கே: பத்து நாள் உடற்பயிற்சி தவறிவிட்டது. இந்த வாரம் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்டலாமா?

ப: கூடாது. போன நாள் கடன் இல்லை, யாருக்கும் திருப்பிக் கட்ட வேண்டாம். முதல் பதிலைப் படியுங்கள்.

கே: ஒரு தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். மூன்றாம் முறை எழுதலாமா?

ப: எழுதலாமா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உங்கள் விடைகளைப் பார்த்து எங்கே மதிப்பெண் போனது என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் கேளுங்கள். எந்த இடத்தில் தவறியது என்று அறியாமல் மறுபடி எழுதுவது, எந்த மூட்டில் வலி என்று பார்க்காமல் பயிற்சி கொடுப்பது போல.

கே: கீழே தொடங்கு, ஒரு நாள் போனால் பரவாயில்லை... இதெல்லாம் சோம்பேறிகளுக்குச் சாக்கு. என்னை நானே திட்டிக்கொண்டால்தான் எனக்கு வேலை நடக்கும்.

ப: இதை எனக்குத் தெரிந்த நல்லவர்கள் பலர் நம்புகிறார்கள், அதனால் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். திட்டு வலிக்கும். வலிக்கிற இடத்துக்கு மனம் திரும்பப் போகாது. புத்தகத்தைப் பார்த்தாலே திட்டு ஞாபகம் வந்தால், புத்தகத்தையே மூடி வைப்பீர்கள்.

கே (அதே நண்பர்): மாணவர்களை வைத்துச் சொல்கிறீர்கள். நான் இருபது வருடம் இப்படித்தான் வாழ்கிறேன்.

ப: ஒன்று கேட்கிறேன். இந்த இருபது வருடத்தில் எத்தனை முறை முழுதாக விட்டுவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறீர்கள்? போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களை ஆராய்ந்த ஆலன் மார்லட், சறுக்குவதையும் விழுவதையும் பிரித்துக் காட்டினார். ஒரு நாள் தவறுவது சறுக்கல். 'நான் இவ்வளவுதான்' என்று முடிவு கட்டும்போதுதான் அது வீழ்ச்சியாகிறது. உங்கள் திட்டு அந்த முடிவுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது?

கே (வேறொருவர்): குறுக்கிடுகிறேன். என் நீச்சல் பயிற்சியாளர் திட்டித் திட்டித்தான் என்னை ஆளாக்கினார். அதை எப்படி மறுப்பீர்கள்?

ப: மறுக்கவில்லை. அவர் என்ன சொல்லித் திட்டினார் என்று யோசியுங்கள். 'முழங்கை தாழ்கிறது, உயர்த்து' என்றிருப்பார். அதில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. நம்மை நாமே திட்டும்போது 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்கிறோம். அதைக் கேட்டு எந்த முழங்கையை உயர்த்துவது? தொனி கடுமையாக இருக்கலாம். திருத்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கே (தன்னைத் திட்டிக்கொள்ளும் நண்பர்): அமெரிக்கா, கனடா ஆய்வெல்லாம் இருக்கட்டும். நீங்கள் திட்டியதே இல்லையா?

ப: திட்டியிருக்கிறேன், வருந்துகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, வீட்டுப் பயிற்சியைச் செய்யாமல் வந்த பெரியவர் ஒருவரைக் கடிந்துகொண்டேன். தலையைக் குனிந்து, ஊன்றுகோலின் ரப்பர் முனையைத் தரையில் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. இந்த விவாதத்தில் என் பக்கம் எதுவென்று முடிவானது அன்றுதான்.

கே: அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தொடங்கலாமா?

ப: முதல் தேதி இரண்டு மூன்று நாளில் வருமென்றால் சரி. வாரம், மாதம், வருடம் பிறக்கும்போது மக்கள் ஜிம்முக்கு அதிகம் போகிறார்கள் என்று 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது, அந்த உந்துதல் உண்மைதான். இருபது நாள் இருக்கிறதென்றால் இன்று ஐந்து நிமிடம் செய்யுங்கள்.

கே: 21 நாள் செய்தால் போதுமா?

ப: மேலே இருக்கிறது.

கே: ஒரு மாதம் இடைவெளி. விட்ட எடையிலிருந்தே தூக்கலாம்தானே?

ப: வேண்டாம். பாதி எடையிலிருந்து ஆரம்பியுங்கள். இதே பதிலை இன்று ஐந்தாவது முறையாகச் சொல்கிறேன். தயவுசெய்து கேட்கும் முன் மேலே படியுங்கள்.

கே: மூன்று வாரமாக எதிலும் மனம் போகவில்லை. தூக்கமும் சரியில்லை. லட்சியம் இருக்கட்டும், குளிக்கவே எழ முடியவில்லை.

ப: நீங்கள் எழுதியது நல்லது. இதற்கு என்னிடம் பயிற்சி கேட்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் கூட வரச் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காதீர்கள், உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். லட்சியம் காத்திருக்கும்.

கே (முழங்கால் நண்பர்): எட்டுச் சுற்றும் முடித்தேன். மூச்சே வாங்கவில்லை. இன்னும் நாலு சுற்று ஓடட்டுமா?

ப: வேண்டாம். ஷூவைக் கழற்றுங்கள். நாளை மறுநாள் இதே எட்டுதான்.