கார்பன் கணக்கு யார் கொடுக்க வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு சாயப்பட்டறை நடத்துகிறேன். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்று என் 'கார்பன் கணக்கை', அதாவது என் பட்டறையால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற கணக்கைக் கேட்கிறது. சட்டப்படி நான் கொடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: சட்டப்படி என்றால், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய ஆண்டறிக்கை) உங்களுக்குக் கிடையாது. அது 2022-23 முதல் பங்குச்சந்தையில் பட்டியலான, சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். ஆனால் நீங்கள் எரிக்கும் டீசலும் இழுக்கும் கரண்டும் வாங்குபவரின் கணக்கில் 'ஸ்கோப் 3' (சப்ளையர்கள் போன்ற மற்றவர்கள் வழியாக வரும் உமிழ்வு) என்ற தலைப்பில் போய் உட்காரும், அதனால்தான் விடாமல் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் அபராதம் வராது, ஆர்டர் போகலாம்.

பயப்பட ஒன்றுமில்லை. ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல், லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இது ஸ்கோப் 1, அதாவது நீங்களே எரிப்பதால் வருவது. கரண்ட் பில், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, இது ஸ்கோப் 2, அதாவது வாங்கும் மின்சாரத்தால் வருவது. மாதம் 10,000 யூனிட் என்றால் 7 டன், அவ்வளவுதான் கணக்கு. இதற்குப் பெரிய தொகை கேட்கும் ஆலோசகர்களை, முதல் வருஷமாவது, தள்ளியே வையுங்கள்.

பாய்லருக்கு விறகு எரிக்கிறீர்களா? அதன் கார்பன் டை ஆக்சைடைத் தனியாகக் காட்ட வேண்டும், மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் ஸ்கோப் 1-இல் சேரும். அப்புறம், சொந்தக் காற்றாலை இருந்து அதன் பசுமைச் சான்றிதழை (புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பதற்கான சான்று) வேறு யாருக்காவது விற்றிருந்தால், அந்த மின்சாரத்தை உங்கள் கணக்கில் பசுமை என்று காட்ட முடியாது. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.